குத்தாலலிங்கம் குழுவினர் கம்ப்யூட்டர் பூட்டிய கதை

ஆடி பிறந்தால் ஊரெல்லாம் காத்து வரும். குத்தாலலிங்கம் குழுவினருக்கு மட்டும் கொட்டாவி வரும். ஆடியில் யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். கல்யாணம் இல்லாவிட்டால் கல்யாணச் சமையல்காரர்களுக்கு என்ன வேலை இருக்கிறது? ஆழ்வார்குறிச்சியில் என் பக்கத்து வீட்டுக் கொட்டகைதான் அவர்கள் ஜாகை. அதனால் இந்தக் கதையில் நான் சொல்வதெல்லாம் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கண்ணால் பார்த்தது. சந்தேகப்படுகிறவர்கள் முதலில் அவர்கள் கையால் ஒரு வாய் சாம்பார் சாப்பிட்டுவிட்டு வரட்டும், அப்புறம் பேசலாம்.

சாம்பார் அமிர்தம். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அடுப்பை விட்டு நாலடி தள்ளி வந்தால்தான் சிக்கல் ஆரம்பிக்கும்.

மொத்தம் நாலு பேர். மாஸ்டர் குத்தாலலிங்கம், அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. இசக்கிப்பாண்டிக்குக் காய் வெட்டுகிற வேலை. அவன் விரல் போகிற வேகத்தில் தான் வெட்டுப்பட்டது முருங்கைக்காய்க்கே தெரியாது. மந்திரமூர்த்திக்கு உப்புப் பார்க்கிற வேலை. எதைக் கையில் கொடுத்தாலும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அபிப்பிராயம் சொல்லுவான். வெள்ளத்துரை பந்தி விசாரிப்பு. "இன்னும் ஒரு கரண்டி, எனக்காவ" என்று வாளியோடு நின்றானென்றால், சாப்பிடுகிறவர் இலைமேல் குப்புறப் படுத்து மறைத்தால்தான் தப்பிக்கலாம்.

இவர்களுக்கு ரெண்டு வருஷமாகவே நேரம் சரியில்லை. பாவூர்சத்திரத்துக் குழு ஒன்று முளைத்து, பந்தியிலேயே தோசை சுடுகிறோம், ஐஸ்கிரீமில் அன்னப்பறவை செய்கிறோம் என்று முகூர்த்தங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருந்தது ஆவணியில் ஒரே ஒரு பெரிய கல்யாணம். மாப்பிள்ளை கோமதிசங்கர், பெங்களூரில் வேலை.

குத்தாலலிங்கம் குழுவை உட்கார வைத்துச் சொல்லிவிட்டார்: "ஏல, இந்தக் கல்யாணமும் கைய விட்டுப் போச்சுன்னா அண்டாவ எடைக்குப் போட்டுட்டு ஆளுக்கொரு தெசையில போயிர வேண்டியதுதான். என்னால முடியலல."

மூன்று பேரும் அழுதார்கள். மூன்று பேருக்கும் வேறு திசையே தெரியாது.

ஆடி முதல் வாரம் மாப்பிள்ளையிடமிருந்தே போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்கள், எனக்கும் கேட்டது.

"மாஸ்டர், எங்கப்பா பாவூர்சத்திரத்துக்காரங்களுக்கே குடுத்துடலாங்கிறார். நான் இன்னும் முடிவு பண்ணலை. எனக்கு சாப்பாட்டைவிட கேம்தான் உசிரு. நீங்க ஒண்ணு பண்ணுங்க. கம்மி பட்ஜெட்ல ஒரு கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணுங்க. பார்ட் பார்ட்டா வாங்கி, உங்க கையாலயே. வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அதுல என்கூட ஒரு கார் ரேஸ். ஜெயிச்சா ஆர்டர் உங்களுக்கு. தோத்தா அப்பா இஷ்டம்."

"ரெடியா உள்ளத ஒண்ணு வாங்கிட்டா ஆவாதா மாப்பிள்ளை?"

"அது ஹோட்டல்ல பார்சல் வாங்கி எலைல போடுற மாதிரி மாஸ்டர்."

"பார்சலா!" என்று குத்தாலலிங்கம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "எங்க பரம்பரையில அந்தப் பழக்கமே கெடையாது மாப்பிள்ளை. பூட்டிருதோம்."

போனை வைத்ததும் வெள்ளத்துரைக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. "அண்ணாச்சி, ஆடியில புதுசா ஒண்ணு ஆரம்பிக்கலாமா?"

நியாயமான கேள்வி. வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் மந்திரமூர்த்திதான் வழி கண்டுபிடித்தான்.

"அண்ணாச்சி, பட்ஜெட் கம்மின்னா பாதி சாமான் பழசாத்தான் வாங்குவோம். பாதி பழசு எப்படிப் புதுசாவும்?"

"அதான பாத்தேன்" என்றார் குத்தாலலிங்கம். எல்லாரும் நிம்மதியாக பஸ் ஏறினார்கள்.

திருநெல்வேலி ஜங்ஷனில் மீரான் பாய் கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருக்கிறார். தங்கமான மனுஷர். அன்றைக்குக் காலையில் அவர் யார் முகத்தில் முழித்தாரோ தெரியவில்லை. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பொறுமையாக விளக்கினார்: "இது பிராசஸர், இதுதான் மூளை. இது மதர்போர்டு, எல்லாம் இதுமேலதான் உக்காரும். இது கிராபிக்ஸ் கார்டு, படம் காட்டுறது இதுதான். பழைய கார்டு, ஆனா நல்லா ஓடும்."

"பழசுதான் நல்லது பாய். பழகுன வாணலிதான் அடி பிடிக்காது" என்று ஆமோதித்தார் குத்தாலலிங்கம்.

"இது ரேம்" என்று விரல் நீளத்துக்கு ஒரு பட்டையை எடுத்து வைத்தார் பாய்.

இசக்கிப்பாண்டி அதைக் கையில் எடுத்தான். வெண்டைக்காய் வாங்கப் போனால் நுனியை ஒடித்துப் பார்க்காமல் அவன் ஒரு காயும் வாங்கினதில்லை. படக்கென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்துகொடுத்தால் முத்தல். ரேமின் நுனியைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினான். படக்கென்று ஒடிந்தது.

"பிஞ்சு அண்ணாச்சி. தைரியமா வாங்கலாம்."

மீரான் பாய் கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் குடித்தார். பிறகு, "ஒடிச்சதுக்கும் சேத்து நீங்கதான் துட்டு குடுக்கணும்" என்றார்.

"பிஞ்சுன்னு தெரிஞ்ச பெறவு வேண்டாம்பமா?" என்று குத்தாலலிங்கம் சிரித்தார். "இதே செடியில காய்ச்சது இன்னொண்ணு இருந்தா குடுங்க பாய்."

எல்லாம் வாங்கி முடித்ததும் கொசுறு கேட்டார்கள். பாய்க்குப் புரியவில்லை. காய்கறி வாங்கினால் கடைசியில் ஒரு கொத்து கறிவேப்பிலை போடுவார்கள் இல்லையா, அது மாதிரி என்று விளக்கினார்கள். பாய் ஒரு குட்டி டியூபைத் தூக்கிப் போட்டார். "பிராசஸர் சூடு தாங்குறதுக்குப் பேஸ்ட்" என்றார். கேமையும் மற்றதையும் டிஸ்க்கில் அவரே ஏற்றிக் கொடுத்துவிட்டார். எதை எப்படி மாட்டுவது என்று வாய்ப்பாடு மாதிரி சொல்லியும் அனுப்பினார். கல்யாண வீட்டில் பெரியவர்கள் சொல்லும் பட்டியலைத் தலைகீழாக ஒப்பிக்கிறவர்கள் இவர்கள். ஒரு வார்த்தை சிந்தவில்லை. அதுதான் வினையாய்ப் போயிற்று.

மறுநாள் காய் வெட்டுகிற மேஜையைக் கழுவித் துடைத்து, சூடம் கொளுத்தி, வேலையை ஆரம்பித்தார்கள்.

"பாய் மொதல்ல என்ன சொன்னாரு?" என்று கேட்டார் மாஸ்டர்.

"நம்ம ஒடம்புலயே ஒரு மாதிரி கரண்டு இருக்காம். சாமானத் தொடும்போது ஒரு கை இரும்புல இருக்கணுமாம்" என்றான் இசக்கி.

ஆயிரம் பேர் பொரியலுக்கு ஆகும் பெரிய இரும்பு வாணலியை நாலு பேரும் சேர்ந்து தூக்கி வந்து மேஜைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். நாலு பேரும் ஆளுக்கொரு கையை அதில் வைத்தார்கள். அப்புறம்தான் தெரிந்தது, மீதி ஒரு கைதான் இருக்கிறது. ஒரு கையால் ஸ்குரூ பிடிப்பதா, திருப்புளி பிடிப்பதா?

"இன்னொரு கையையும் எடுத்துக்கிடலாமா அண்ணாச்சி?"

"பாய் ஒரு கைன்னு சொல்லியிருக்காருல்லா. வெளையாடாதல."

கடைசியில் இசக்கியின் வலது கையும் வெள்ளத்துரையின் இடது கையும் சேர்ந்து ஒரு ஆளாயின. இசக்கி ஸ்குரூவை நீட்டுவான், வெள்ளத்துரை பிடிப்பான். வெள்ளத்துரைக்கு எதைப் பிடித்தாலும் பரிமாறித்தான் பழக்கம். கொடுத்த ஸ்குரூவை "போதுமா, இன்னொண்ணு வைக்கவா" என்று கேபினெட்டுக்குள் கொட்டிக்கொண்டே இருந்தான். சாயங்காலம் வரைக்கும் பொறுக்கினார்கள்.

அடுத்தது பிராசஸர். அதை மதர்போர்டில் அதற்குரிய குழியில் வைக்கவேண்டும். "அமுக்கவே கூடாது, தானா உக்காந்துரும்" என்று பாய் அடித்துச் சொல்லியிருந்தார்.

வைத்தார்கள். கொஞ்சம் கோணலாக நின்றது. உட்காரவில்லை. நாலு பேரும் ஒரு கை வாணலியிலும் ஒரு கை முழங்காலிலுமாகக் காத்திருந்தார்கள். டீ வந்தது, குடித்தார்கள். அப்போதும் உட்காரவில்லை.

வெள்ளத்துரை தலையில் அடித்துக்கொண்டான். "நம்ம மேலதான்வே தப்பு. அழைக்காம யாரு வந்து உக்காருவா?"

அவன் எழுந்து, வேட்டியைத் தழைய விட்டு, பந்தியில் சம்பந்தி வீட்டாரைக் கூப்பிடும் குரலில் பிராசஸரைப் பார்த்துச் சொன்னான்: "வாங்க, வாங்க. எடம் இருக்கு. இங்கன உக்காருங்க. கூச்சப்படாதீங்க."

அந்த நேரம் பார்த்து மந்திரமூர்த்தி ஒரு தும்மல் தும்மினான். மேஜை ஆடியது. பிராசஸர் டக்கென்று குழிக்குள் இறங்கிவிட்டது.

"உக்காந்துட்டாரு!" என்று கத்தினான் வெள்ளத்துரை. அன்றையிலிருந்து கொட்டகையில் பிராசஸரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெரியவர் என்றுதான் சொல்லுவார்கள்.

பெரியவர் தலையில் பேஸ்ட் வைக்கவேண்டும். பட்டாணி அளவு என்பது பாயின் உத்தரவு. இதில்தான் பெரிய சண்டையே வந்தது.

"காஞ்ச பட்டாணியா, ஊறுன பட்டாணியான்னு பாய் சொல்லலியே?" என்றான் இசக்கி.

"காஞ்சதுதான் கடையில கெடைக்கும்" என்றான் மந்திரமூர்த்தி.

"காஞ்சத எவம்வே பட்டாணிம்பான்? ஊறி வந்தாத்தான் அதுக்குப் பட்டாணின்னு பேரு."

"அப்ப வறுத்த பட்டாணி?"

"அது தீனி. அத எதுக்கு இழுக்க?"

குரல் ஏறிக்கொண்டே போயிற்று. மந்திரமூர்த்தி, இருபது வருஷமாக இசக்கியிடம் சொல்லாமல் வைத்திருந்த அவன் காய் வெட்டின ஒரு கூட்டின் குறையை எடுத்துப் போட்டுவிட்டான். இசக்கி வேட்டியை மடித்துக் கட்டினான். குத்தாலலிங்கம் நடுவில் புகுந்து தீர்ப்பு சொன்னார்: "கல்யாண வேலைன்னு வந்துட்டா ஊறுன பட்டாணிதாம்ல கணக்கு."

சரி, ஒரு பட்டாணியை ஊறப்போட்டால் போதாதா? போதும். ஆனால் ஒரே ஒரு பட்டாணியை ஊறவைக்க அவர் கைக்கு வராது. அண்டாவை வைத்துப் பழகின கை. பெரிய அண்டா நிறையப் பட்டாணி ஊறிற்று. காலையில் அதில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, அதன் அளவுக்குப் பேஸ்டைப் பிதுக்கினார்கள். மிச்சப் பட்டாணி சுண்டலாகி எங்கள் தெருவுக்கே வந்தது. அந்த வாரம் எங்கள் தெருவில் ஜன்னலைத் திறந்து வைக்காத வீடு இல்லை.

பேஸ்டு வைத்த கையோடு மந்திரமூர்த்தி வழக்கம்போல விரல் நுனியை நாக்கில் வைத்துவிட்டான்.

"அண்ணாச்சி, உப்பே இல்ல."

"துப்புல, துப்பு! வாயக் கொப்புளி! அதுல உப்பு எதுவும் போட்டுராதீங்கல. பெரியவருக்கு பிரஷர் இருக்கோ என்னமோ, யாருக்குத் தெரியும்?"

எப்படியோ எல்லாவற்றையும் மாட்டி முடித்தார்கள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று ரெண்டு மூன்று தடவை வாயைத் திறந்தேன். அப்புறம் மூடிக்கொண்டேன். குறை சொன்னால் அடுத்த பாயசம் எனக்கு வராது என்று எனக்குத் தெரியும்.

முடிந்தபோது மேஜையில் ஒரு கை ஸ்குரூ மிச்சம் இருந்தது. வேறு யாராவதாயிருந்தால் பயந்திருப்பார்கள். குத்தாலலிங்கத்துக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது.

"பாத்தியால! கடைசிப் பந்தி வரைக்கும் வந்து, மிச்சமும் இருக்கு. இதுவல்லவா வேலை!"

சமையலில் குறைந்துபோனால்தானே மானக்கேடு? மிச்சமிருந்தால் எல்லாருக்கும் கொடுத்துவிடுவதுதான் முறை. வாழையிலைத் துண்டில் பொட்டலம் கட்டி அக்கம்பக்கத்துக்கெல்லாம் அனுப்பினார்கள். என் வீட்டுக்கு ரெண்டு ஸ்குரூ வந்தது, கூடக் கொஞ்சம் சுண்டலும்.

சனிக்கிழமை பட்டனை அமுக்கினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அமுக்கினார்கள். கும்பிட்டுவிட்டு அமுக்கினார்கள். அப்புறம் பாய்க்குப் போன் போட்டார்கள்.

"பின்னாடி ஒரு சுவிட்சு இருக்கும், அதப் போட்டீங்களா?" என்றார் பாய்.

"அட, அது தெரியாமப் போச்சே!" என்று நாலு பேரும் கொட்டகைக்குப் பின்னால் ஓடினார்கள். அங்கே இருந்தது ஒரு சுவிட்சு அல்ல, வரிசையாக ஒரு பலகை நிறைய. எல்லாவற்றையும் போட்டார்கள். கக்கூஸ் விளக்கு எரிந்தது. கிரைண்டர் காலியாகச் சுற்றியது. மோட்டார் ஓடி, மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்து, என் மனைவி காயப்போட்டிருந்த வத்தல் தெருவில் மிதந்து போயிற்று.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சுவர் ஏறிக் குதித்துப்போய், கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னால் இருந்த குட்டி சுவிட்சை நானே போட்டேன்.

விர்ரென்று காற்றாடிகள் சுற்றின. சிவப்பு, நீலம், ஊதா என்று பெட்டிக்குள் விளக்குகள் ஓட ஆரம்பித்தன. ஓடிவந்து மறுபடியும் வாணலியில் கை வைத்திருந்த நாலு பேரும் கையை எடுத்துவிட்டுக் கும்பிட்டார்கள்.

"அண்ணாச்சி, முகூர்த்த வீட்டு சீரியல் செட்டு மாதிரியே இருக்கு!" என்று வெள்ளத்துரை குதித்தான். எனக்கே கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன்? வத்தல் போனது போனதுதான், ஆனாலும் அந்தப் பயல்கள் ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டார்களே!

ராத்திரிவரை இசக்கி அதில் கார் ஓட்டிப் பழகினான். நான் என்னமோ நினைத்தேன், பயல் புலி. விரல் போகும் வேகத்துக்குக் கார் பறந்தது. எல்லா ரேஸிலும் முதல். குத்தாலலிங்கம் அவன் விரல்களுக்குத் தானே விளக்கெண்ணெய் தடவிவிட்டார். "ஏல இசக்கி, நம்ம நாலு பேரு சோறும் ஒன் கையிலதாம்ல இருக்கு" என்றார். கல்யாணம் கிடைத்துவிட்டது என்றே நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

ஞாயிறு சாயங்காலம் கொட்டகையில் நானும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். என் வீட்டு வைஃபைதானே, எனக்கும் உரிமை இருக்கிறது. ஸ்பீக்கரில் மாப்பிள்ளையின் குரல் வந்தது.

"ரெடியா மாஸ்டர்? மதுவந்தியும் வீடியோல பாத்துட்டு இருக்கா."

"யாரு மாப்பிள்ளை?"

"கல்யாணப் பொண்ணு மாஸ்டர்!"

"அடடே, பொண்ணுமா! வணக்கம்மா, வணக்கம்!" என்று நாலு பேரும் எழுந்து நின்றார்கள். இசக்கியை இழுத்து உட்கார வைக்கவேண்டியிருந்தது.

மலைப்பாதையில் மூன்று சுற்று. கொடி அசைந்தது. முதல் வளைவிலேயே இசக்கியின் சிவப்புக் கார் மாப்பிள்ளையின் மஞ்சள் காரைத் தாண்டி ஜம்மென்று முன்னால் போயிற்று. நான் கை தட்டினேன். தட்டினது நான் மட்டும்தான்.

வெள்ளத்துரை முகம் வெளுத்துப்போய் நின்றான். "அண்ணாச்சி... இவன் மாப்பிள்ளையத் தாண்டிப் போறானே."

குத்தாலலிங்கம் திடுக்கிட்டார். "ஏல இசக்கி! என்னல செய்யுத?"

"ஜெயிக்கேன் அண்ணாச்சி!"

"மாப்பிள்ளைக்கு முன்னாலயால போவ? எந்தக் கல்யாணத்துல பாத்த? மாப்பிள்ளை எலையில கை வைக்கதுக்கு முந்தி நம்ம யாராச்சும் ஒரு பருக்கை தின்னிருக்கமால?"

"தின்னதில்லதான். ஆனா தோத்தா ஆர்டர் போயிருமே அண்ணாச்சி!"

கார் ஓடிக்கொண்டிருந்தது. குத்தாலலிங்கம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த மனுஷர் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அண்டாக்களைப் பார்த்தார். மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். குழு போய்விடும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "ஆர்டர் போனா போவட்டும். பொண்ணு வேற பாத்துக்கிட்டு இருக்கா. ஓரங்கட்டுல."

இசக்கி பல்லைக் கடித்துக்கொண்டு காரை ஓரங்கட்டினான். மஞ்சள் கார் வந்தது, தாண்டிப் போயிற்று. அது போனதும் சிவப்புக் கார் மரியாதையாகப் பின்னால் கிளம்பியது.

அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தோம். மாப்பிள்ளைக்குக் கார் ஓட்டவே வரவில்லை. ஒரு வளைவில் பாறையில் மோதினார். சிவப்புக் கார் நின்றது. ஒரு பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்தார். சிவப்புக் கார் பாலத்தின்மேல் நின்று காத்திருந்தது. ஒரு இடத்தில் வழி தவறி வந்த பக்கமே திரும்பி எதிரே வந்தார். இசக்கி ஒதுங்கி வழிவிட்டு, அவர் தன் தப்பை உணர்ந்து திரும்பி வரும்வரை ஹாரன்கூட அடிக்காமல் நின்றான். வெள்ளத்துரைக்கு மனசு கேட்கவில்லை, "பாத்து, பாத்துப் போங்க மாப்பிள்ளை, அவசரமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

விளையாட்டில் இருந்த மற்ற கார்களெல்லாம் எப்போதோ முடித்து வீட்டுக்குப் போயிருக்கும். இந்த ரெண்டும் பொண்ணழைப்பு ஊர்வலம் மாதிரி வந்தன. கடைசியில் மாப்பிள்ளை எல்லைக்கோட்டைத் தாண்டினார். பின்னாலேயே சிவப்புக் கார்.

ஸ்பீக்கரில் ஒரே கூச்சல், சிரிப்பு. பிறகு கட்டாகிவிட்டது.

குத்தாலலிங்கம் பெரிய கரண்டியை எடுத்து அண்டாவுக்குள் வைத்தார். "சரிப்பா. அவனவன் ஊருக்குப் போற வழியப் பாருங்க" என்றார். மந்திரமூர்த்தி ஓவென்று அழுதான். கன்னத்தில் வழிந்ததை நாக்கால் தொட்டுவிட்டு, "இதுல உப்பு சரியா இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லி இன்னும் அழுதான். கிறுக்குப் பயல்கள், நல்ல பயல்கள்.

அப்போது போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"மாஸ்டர்!" மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. "கேம் ஆட ஆரம்பிச்ச நாள்லேருந்து நான் ஒரு ரேஸ்கூட ஜெயிச்சதில்ல மாஸ்டர்! ஆபீஸ்ல எல்லாவனும் என்னைக் கிண்டல் பண்ணுவான். இன்னைக்கு மதுவந்தி முன்னாடி ஜெயிச்சிட்டேன்! அவ கை தட்டுனா மாஸ்டர்! பாவூர்சத்திரமாவது ஒண்ணாவது, ஆர்டர் உங்களுக்குத்தான். மூணு நாள் சமையலும் உங்களுக்குத்தான். எங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

குத்தாலலிங்கம் போனைக் கீழே வைத்தார். அப்புறம் என்னைக் கட்டிப்பிடித்தார், அண்டாவைக் கட்டிப்பிடித்தார், இசக்கியைத் தூக்கி வாணலிக்குள் நிறுத்தி வைத்துச் சுற்றி வந்தார். அன்றைக்கு ராத்திரி எங்கள் தெருவுக்கு அசோகா அல்வா வந்தது. நெய் சொட்டியது. அந்த அல்வாவை நினைத்தால் இப்போதும் வாய் ஊறுகிறது.

அல்வா மயக்கத்தில் நான் நன்றாகத் தூங்கிவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. காலையில் எழுந்து பல் தேய்த்துக்கொண்டே சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். கிணற்றடியில் நாலு பேரும் குந்தி உட்கார்ந்து மும்முரமாக எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு சட்டி நிறையக் கரைத்த புளி. ஒரு முறத்தில் சாம்பல். கொடியில் வயர்கள் கிளிப் போட்டுத் தொங்கின. கேபினெட் வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தது. பெரியவரை மட்டும் தனியாக ஒரு கிண்ணத்தில் வெந்நீரில் உட்கார வைத்திருந்தார்கள்.

பிரஷ் என் வாயிலிருந்து விழுந்தது. "என்னவே இது?" என்று அலறினேன்.

"என்ன சார் இப்படிக் கேக்கீங்க?" என்றார் குத்தாலலிங்கம், கொஞ்சம் வருத்தமாக. "வேலை நல்லபடியா முடிஞ்சா சாமானக் கழுவிக் கவுத்தாண்டாமா? எச்சிப் பாத்திரத்த அப்படியே போட்டுட்டுப் போற ஆளா நாங்க?"

நான் பதில் யோசிப்பதற்குள் போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் இசக்கி மூக்கால் அமுக்கி ஸ்பீக்கரில் போட்டான். மாப்பிள்ளைதான். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லையாம். ஆபீஸ் ஆட்கள் எல்லாரையும் கூட்டி வைத்திருக்கிறாராம், அவர்கள் கண் முன்னால் இன்னொரு தடவை ஜெயித்துக் காட்டவேண்டுமாம்.

"மாஸ்டர், இப்பவே ஒரு ரேஸ் போடலாமா?"

"பேஷாப் போடலாம் மாப்பிள்ளை, ரெண்டே நாள் பொறுத்துக்கிடுங்க" என்றார் குத்தாலலிங்கம், மதர்போர்டை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி. "எல்லாம் பளபளன்னு வந்துட்டு. இந்தப் பெரிய தட்டு ஒண்ணுலதான் பச்சையா களிம்பு ஏறிப் போயி கெடக்கு. புளி போட்டு எம்புட்டுத் தேச்சும் போவ மாட்டேங்கு. கவலப்படாதீங்க, ஈயம் பூசுதவருக்கு ஆள் விட்டிருக்கேன்."